வந்தியத்தேவன் சிரித்தால் வரலாறு கெடுமா?



'பொன்னியின் செல்வன்' படித்தவர்கள் எப்போதும் இரண்டு கட்சி. சோழர் வரலாற்றை இப்படி விளையாட்டும் காதலுமாக எழுதலாமா என்பார் ஒருவர். அந்த விளையாட்டுதான் என்னைச் சோழர் பக்கம் இழுத்து வந்தது என்பார் இன்னொருவர். நான் இரண்டாவது கட்சி. ஆனாலும் முதல் கட்சியின் கவலையில் பாதி நியாயம் இருக்கிறது.

கல்கி 1950 முதல் 1954 வரை தொடர்கதையாக எழுதினார். குந்தவை – வந்தியத்தேவன் காதலுக்கு அவர் கையில் இருந்த ஆதாரம் எவ்வளவு தெரியுமா? இராஜராஜனின் தமக்கை குந்தவையார், வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவியார் என்று தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு குறிக்கிறது. எங்கே சந்தித்தார்கள், என்ன பேசிக்கொண்டார்கள் என்றெல்லாம் கல் சொல்லவில்லை. அந்த இடைவெளியில்தான் வீரநாராயண ஏரிக்கரையில் ஒரு குதிரை வருகிறது. ஆழ்வார்க்கடியானின் கைத்தடி சுழல்கிறது. இதைப் படித்து யாரும் ஏமாறுவதில்லை.

ஏமாறுவது நந்தினியிடம். அவள் உண்மையில் வாழ்ந்தவள் என்று அடித்துச் சொல்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். 2022, 2023ஆம் ஆண்டுகளில் திரைப்படங்கள் வந்த பிறகு அவர்கள் தொகை கூடிவிட்டது. நந்தினி முழுக்க முழுக்கக் கல்கியின் கற்பனை. ஆதித்த கரிகாலன் கொலையுண்டது உண்மை. இராஜராஜனின் 2ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த உடையார்குடிக் கல்வெட்டு சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்று துரோகிகளின் பெயரைச் சொல்கிறது. நிலம் பறிபோனதையும் சொல்கிறது. ஏன் கொன்றார்கள் என்பதை மட்டும் சொல்லவில்லை. கதை பாதியில் நின்றதுபோல் இருக்கிறதே என்று வாசகர்கள் கேட்க, கல்கி முடிவுரை எழுதி விளக்கம் சொல்ல வேண்டி வந்தது.

நம்மவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. காய்ச்சலில் கிடக்கும் இளவரசர் நாகப்பட்டினம் சூடாமணி விகாரத்தில் தங்கும் பகுதியைச் சட்டென்று புரட்டிவிடுகிறோம். அது நம் கடாரத்து அரசர் சூளாமணிவர்மரின் பெயரைத் தாங்கிய விகாரம். அவர் தொடங்கியதை மகன் மாறவிஜயோத்துங்கவர்மர் முடித்தார். இராஜராஜன் தன் 21ஆம் ஆட்சியாண்டில், 1006 வாக்கில், அதற்கு ஆனைமங்கலம் ஊரைக் கொடுத்ததைச் செப்பேடு சொல்கிறது. கதை நடப்பதோ சுந்தர சோழர் உயிரோடு இருந்த காலம். முப்பது ஆண்டுக்கு மேல் முந்தியது! காதலைவிடப் பெரிய சலுகை இதுதான். யாரும் சண்டைக்கு வருவதில்லை.

இத்தனை நட்பாக இருந்த கடாரத்தின் மீது, இராஜராஜனின் மகன் இராஜேந்திரன் 1025இல் கப்பற்படை அனுப்பினான். அகிலனின் 'வேங்கையின் மைந்தன்' இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, அது சோழர் கப்பலில் இருந்து பார்த்த கதை. கெடாக் கரையில் நின்று அந்தக் கப்பல்களைப் பார்க்கிற, கொஞ்சம் சிரிக்கவும் தெரிந்த ஒரு வந்தியத்தேவன் இதுவரை என் கண்ணில் படவில்லை. யாராவது எழுதினால் முதல் பிரதிக்கு இப்போதே என் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்.