உடையாரற்ற உடைமை

அரசனுக்குரிய பொருள் இவையெனத் திருவள்ளுவப் பெருமான் மூன்றினை எண்ணிக் காட்டினார். அவற்றுள் சுங்கமும், பகைவரை வென்று பெறும் திறையும் எவர்க்கும் எளிதில் விளங்குவன. முதற்கண் வைத்த ‘உறுபொருள்’ என்பதற்கே உரை வேண்டும். உடையவர் இன்மையால் தானே வந்தடைந்த பொருள் என்பர் பரிமேலழகர். புதைத்து வைத்தவர் இறந்துபோக நெடுநாள் மண்ணிற் கிடந்து பின் கண்டெடுத்ததும், தாயத்தார் பெறாததும் இதனுள் அடங்கும் என்பது அவர் விளக்கம்.

இது 756ஆவது குறள். இதற்கு முன்னுள்ள குறளோ, அருளோடும் அன்போடும் கூடி வாராத செல்வத்தைத் தழுவாது விட்டுவிடுக என்கின்றது. இவ்விரண்டும் அடுத்தடுத்து நிற்பது தற்செயல் என்று கொள்ள எமக்கு மனம் வரவில்லை. பிள்ளையற்றவன் இல்லத்தில் அழுகுரல் ஓயுமுன்னரே அரசமுத்திரை கதவில் விழுமாயின், அப்பொருள் அருளொடு வந்ததாகுமோ?

மகாகவி காளிதாசன் தன் சாகுந்தலத்தின் 6ஆம் அங்கத்தில் இவ்வினாவையே அரங்கேற்றினான். கடல்வணிகனாகிய தனமித்திரன் கலம் கவிழ்ந்து மாண்டான். அவனுக்கு மகப்பேறு இல்லை. ஆதலின் அவன் திரண்ட செல்வம் அரசனைச் சாரும் என அமைச்சன் ஓலை விடுக்கின்றான். துஷ்யந்தன் மகிழ்ந்தானல்லன். பெருஞ்செல்வன் ஆதலின் மனைவியர் பலர் இருக்கக்கூடும். அவருள் எவரேனும் கருவுற்றிருக்கின்றனரா என்று விசாரிக்க என்கின்றான். சாகேத நகரத்து வணிகர் தலைவன் மகளாகிய ஒரு மனைவிக்கு அண்மையிலேதான் பும்சவனச் சடங்கு நிகழ்ந்தது என்று வாயில் காப்பாள் கூறுகின்றாள். கருவிலுள்ள மகவே தந்தையின் பொருளுக்கு உரியது என்று தீர்ப்பளிக்கின்றான் மன்னன். சகுந்தலையைப் பிரிந்து, மகவும் இன்றி வாடுகின்ற வேளையிலே அவன் இதனைச் சொல்லுகின்றான் என்பதை மறத்தலாகாது. எடுத்துக்கொள்ளும் உரிமை கையிலிருக்க, உரியவரைத் தேடத் தலைப்படுதலே அவன் செய்த அறம்.

ஆயினும், உயிரோடிருந்த மனைவியர்க்கு அந்நாடகத்தில் உரிமை பேசப்படவில்லை. யாக்ஞவல்கியர் மிருதியோ, மகனின்றி இறந்தானது சொத்து முதலில் மனைவிக்கும், பின்னர் மகளிர்க்கும், பெற்றோர்க்கும், உடன்பிறந்தார்க்கும், அவர் மைந்தர்க்கும் செல்லும் என வரிசை வகுத்தது. அவ்வரிசை ஞாதியர், பந்துக்கள் ஆகியோரையும் கடந்து, மாணாக்கன், உடன்பயின்றவன் வரையிலும் நீள்கின்றது. கல்யாணியில் சாளுக்கிய விக்கிரமாதித்தன் காலத்தே விஞ்ஞானேசுவரர் இயற்றிய மிதாட்சரம் என்னும் உரை கைம்பெண்ணின் உரிமையை வலியுறுத்தியது. தென்னாட்டில் நெடுங்காலம் கோலோச்சியது அவ்வுரையே.

12ஆம் நூற்றாண்டில் குஜராத்தை ஆண்ட குமாரபாலன், ஆசாரியர் ஹேமசந்திரர்பால் கொண்ட ஈடுபாட்டால், வாரிசின்றி இறந்தார் உடைமையைக் கைப்பற்றும் வழக்கத்தையே விட்டொழித்தான். 1605இல் அரியணை ஏறிய ஜஹாங்கீர், எம்மதத்தவர் இறப்பினும் சொத்து வாரிசுகளையே சேர்க என்றும், வாரிசு இல்லையேல் தனி அலுவலர் அதனைக் காத்து மசூதி, சத்திரம், பாலம், குளம், கிணறு ஆகியவற்றிற்குச் செலவிடுக என்றும் ஆணையிட்டார். ஆணைகள் யாவும் ஆணையிட்டபடியே நடந்தனவோ என்பது வேறு கதை!

ஆங்கிலேயர் ஆட்சியில் இவ்வழக்கு, அந்நாளைய சென்னை மாகாணத்து மசூலிப்பட்டினத்திலிருந்து இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. அந்தணன் பொருளை மன்னன் ஒருபோதும் கொள்ளலாகாது என்பது மனு. வாரிசற்ற அந்தணன் சொத்தாயினும் அரசைச் சாரும் என 1860இல் அம்மன்றம் தீர்ப்பளித்தது. ஆயினும் ஒரு வரம்பு கட்டியது: முன்னமே அச்சொத்தின்மேல் ஏற்பட்டிருந்த அறக்கட்டளைகளுக்கும் பொறுப்புகளுக்கும் உட்பட்டே அரசு அதனைப் பெறும். திருக்கோயிற் பணிக்குப் பொருள் ஈந்த அன்பர்கள் கருதத்தக்க வரம்பு இது. நந்தாவிளக்கிற்கு நெய் வார்க்கவெனத் தன் நன்செய்மேல் முறைப்படி கட்டளை எழுதிவைத்தவன் குலம் அற்றுப்போயினும், அந்நிலம் அரசின் கைக்கு மாறும்போது கட்டளையும் உடன் செல்லும். 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் 29ஆவது பிரிவிலே, வாரிசற்ற சொத்தைப் பெறும் அரசு, வாரிசு ஏற்கவேண்டிய கடமைகள் அனைத்தையும் ஏற்றே பெறவேண்டும் என விதித்துள்ளது.

நிலத்தின் கதை இது. வங்கியில் உறங்கும் பணத்தின் கதை வேறு. பத்தாண்டு எவரும் தொடாத வைப்புத்தொகை, 2014இல் ரிசர்வ் வங்கி வகுத்த திட்டப்படி ஒரு தனி நிதிக்கு மாற்றப்படுகின்றது. அதன் பின்னரும் உரியவரோ வாரிசோ வந்து கேட்பின், வங்கி கொடுத்துவிட்டு அந்நிதியினின்று ஈடு பெறும். இத்தகைய தொகைகளைத் தேடுதற்கெனவே ‘உத்கம்’ என்னும் இணைய ஏற்பாடும் 2023இல் தொடங்கப்பெற்றது.

ஒருவர் கண்மூடிய பின்னரே முளைக்கும் சிற்றப்பன் மக்களும் உலகில் உண்டு. ஆதலின் கேட்போர் சான்று காட்டியே தீரவேண்டும். திருவெண்ணெய்நல்லூர் அவையத்தாரும் அன்று ஆட்சி, ஆவணம், அயலார் சாட்சி என மூன்றனுள் ஒன்றைக் காட்டுக என்றே கேட்டனர். நம்பியாரூரர் தமக்கு வழியடிமை என வழக்காட வந்த முதிய வேதியராகிய இறைவனும் அதற்கு விலக்குப் பெற்றாரல்லர். ஓலையை நீட்டினார், பாட்டனார் கையெழுத்துள்ள வேறோர் ஓலையைக் காப்பிலிருந்து வருவித்து, இரண்டினையும் ஒப்புநோக்கிய பின்னரே அவையத்தார் அவர்க்கு வெற்றி கூறினர்.