ஒடுக்கு

கம்மாபுரத்தில் எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் நிற்கும் பழைய என்ஃபீல்டு புல்லட்டின் பெட்ரோல் டாங்க்கில், இடப்புறம், முழங்கால் படும் ரப்பருக்குச் சற்று மேலே ஓர் ஒடுக்கு இருக்கிறது. உள்ளங்கை அகலம். சென்ற மழைக்காலத்தில் அதன் மடிப்பில் ஊசித் துளை விழுந்து பெட்ரோல் கசியத் தொடங்கிற்று. புது டாங்க் போட்டுவிடலாம் என்றான் தம்பி. துளையை அடைத்தால் போதும், ஒடுக்கு இருக்கட்டும் என்றேன் நான். இதில் பழைய பொருள் மீதான பாசம் இல்லாமல் இல்லை. ஆனால் அதை மட்டும் சொல்வதற்கு ஒரு கட்டுரை வேண்டியதில்லை. ஒரு பொருளின் சரித்திரம் என்பது அது செய்யப்பட்டபோது இருந்த நிலையா, அல்லது அதன் பிறகு அதற்கு நேர்ந்தவையா என்பதுதான் பிரச்னை.

பழைய வண்டிகளைச் சேகரிப்பவர்களிடம் ‘ஒரிஜினல்’ என்ற சொல்லுக்கு மந்திர மதிப்பு உண்டு. புல்லட்டைப் பொறுத்தவரை அந்தச் சொல்லே சந்தேகத்துக்குரியது. இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டு கம்பெனியும் சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து 1955-ல் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் முதலில் நடந்தது, கப்பலில் வந்த பாகங்களைப் பூட்டும் வேலைதான். பிறகு கருவிகளும் அச்சுகளும் வந்து சேர்ந்தன. 1962 வாக்கில் எல்லாப் பாகங்களும் இங்கேயே தயாராயின. ரெட்டிச் ஆலை 1967-ல் மூடப்பட்டது. 1977-ல் இங்கே செய்த 350 சி.சி. புல்லட்டுகள் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயின. மூலம் அழிந்தது, பிரதி நிலைத்தது, பிரதி மூலத்தின் ஊருக்கே திரும்பிப் போய் அங்கே மூலமாக ஏற்கப்பட்டது.

நமக்கு இது புதிதல்ல. குணாட்டியரின் பிருகத்கதை போய்விட்டது. அதன் வழிவந்த பெருங்கதை, முன்னும் பின்னும் இல்லாமல், நம்மிடம் இருக்கிறது. அதை 1924-ல் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர், அதே ஆண்டிலிருந்து 1927 வரை சிதம்பரம் மீனாட்சி தமிழ்க் கல்லூரியில் தலைவராக இருந்தார். எங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறிப் போகிற தூரம்தான்.

டாங்க்குக்கு வருகிறேன். தகட்டை அச்சில் அழுத்திப் பகுதி பகுதியாகச் செய்து பற்றவைத்து எடுப்பது அது. சேஸிஸின் மேல்குழாய் பொருந்துவதற்காக அடிப்புறத்தில் நீளவாட்டில் ஒரு குழிவு உண்டு. மேலே ஓடும் பொன்னிறக் கோடுகளைத் திருவொற்றியூரில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவர்கள் தலைமுறையாகக் கையால், தூரிகை கொண்டு, இழுத்துவந்தார்கள். எனவே ஆலையில் செய்த பொருளாயினும் ஒரு டாங்க்கைப் போல் இன்னொன்று இல்லை. தெருவில் ஒரு புல்லட்டை நாம் அடையாளம் காண்பது டாங்க்கை வைத்துத்தான். ஆனால் ஆர்.சி. புத்தகத்தில் இன்ஜின் எண் உண்டு, சேஸிஸ் எண் உண்டு. டாங்க்குக்கு எண் கிடையாது. அதை மாற்றினாலும் அரசாங்கத்தின் கணக்கில் வண்டி அதே வண்டி. மனிதர்கள் நினைவில் வைத்திருப்பதும் ஆவணம் நினைவில் வைத்திருப்பதும் வேறு வேறு பாகங்களை என்பதற்கு இதைவிட ஸ்தூலமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

ஒடுக்கு எடுப்பது நம் ஊரில் மோட்டாருக்கு முந்திய தொழில். பித்தளைப் பாத்திரத்துக்கு ஒடுக்கெடுத்து ஈயம் பூசிக்கொடுத்தவர்களின் கைவேலைதான் டிங்கர் பட்டறைக்குள் நுழைந்தது. விருத்தாசலத்தில் நான் டாங்க்கைக் கொண்டுபோன பெரியவரும் பாத்திர வேலைக் குடும்பத்தில் பிறந்தவர்தான். ஆனால் பாத்திரத்துக்கு அகன்ற வாய் உண்டு. உள்ளே கட்டை கொடுத்து வெளியே தட்டலாம். டாங்க்குக்கு இருப்பது பெட்ரோல் ஊற்றும் துவாரம் ஒன்றுதான். அதன் வழியே வளைத்த கம்பியை விட்டு நெம்ப வேண்டும். அல்லது ஒடுக்கின் மேல் கம்பியைப் பற்றவைத்து இழுக்க வேண்டும். அல்லது அடித்தகட்டை வெட்டித் திறந்து, உள்ளிருந்து தட்டி, மறுபடி மூட வேண்டும். நெருப்பு இல்லாமல் முடிகிற வேலை குறைவு. காலி டாங்க் நிறைந்த டாங்க்கைவிட ஆபத்தானது. காற்றில் பெட்ரோல் ஆவி 1.4 முதல் 7.6 விழுக்காடு வரை கலந்திருந்தால் ஒரு பொறி போதும். அதனால்தான் பலமுறை கழுவி, வேலை செய்யும் இடம் வரை தண்ணீர் நிரப்பிவிட்டு நெருப்பைக் கிட்டே கொண்டுவருகிறார்கள்.

பெரியவர் சொன்ன ஒரு விஷயம் என்னை யோசிக்கவைத்தது. “அடி வாங்குன தகடு நீண்டுபோகும் தம்பி. எடுத்தாலும் பழைய இடத்துல அடங்காது. சூடு காட்டிச் சுருக்கணும், இல்லேன்னா பட்டி போட்டு மூடணும். மூடினா ஒண்ணும் தெரியாது.” உலோகவியல்படி இது சரி. குழிந்த இடத்தில் தகடு மெலிந்து பரப்பில் கூடிவிடுகிறது. வெறுமனே வெளியே தள்ளினால் தகர டப்பாவின் மூடிபோல் உள்ளும் வெளியும் துள்ளும். அடிக்கு முந்திய நிலைக்குத் திரும்புவது என்று ஒன்று இல்லை. திரும்பிவிட்டதுபோல் காட்டுவது உண்டு. நம்முடைய பல சரித்திரங்கள் பட்டி போட்டுத் தேய்த்தவை. ஒரு ஊருக்கும் ஒரு சாதிக்கும் ஒரு இயக்கத்துக்கும் இடைவெளியில்லாத வழவழப்பான கடந்தகாலம் கிடைத்துவிட்டால், அதன் கீழே எது மூடப்பட்டது என்று கேட்பதே நம் வேலையாக இருக்க வேண்டும்.

எங்கள் ஒடுக்குக்கு மூன்று சரித்திரங்கள் உண்டு. எதிரே விளக்கில்லாமல் வந்த கரும்பு வண்டியின் நுகத்தடி இடித்தது என்பார் அம்மா. ஸ்டாண்டு சரியாகப் போடாமல் களத்துமேட்டில் சாய்ந்தது என்பார் அப்பாவின் கூட்டாளி. ஏதோ ஒரு கைகலப்பில் அப்பாவை அடிக்க ஓங்கிய கட்டை டாங்க்கில் விழுந்தது என்பது பெரியப்பா தணிந்த குரலில் சொன்னது. அப்பா எதையும் சொன்னதில்லை. இறந்து மூன்று வருஷமாகிறது. மூன்று கதைகளும் ஒரே மண்சாலையில் நடக்கின்றன. அந்தச் சாலை இருந்த நிலம் பிறகு நெய்வேலிச் சுரங்கத்துக்காக எடுக்கப்பட்டுவிட்டது. 1957-ல் தொடங்கிய சுரங்கம் எங்கள் பக்கத்து வரைபடத்தை இன்றும் திருத்திக்கொண்டிருக்கிறது. சாட்சி சொல்ல இடம் கூட இல்லை. மிஞ்சியிருப்பது அந்தக் குழிவு ஒன்றுதான். அது எந்தக் கதையையும் நிரூபிக்கவில்லை. ஆனால் ஏதோ நடந்தது என்பதை மறுக்க விடாமல் வைத்திருக்கிறது.

தம்பியின் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. சென்னைப் புதுப்பேட்டைக்குப் போனால் பழைய டாங்க் கிடைக்கும், புதிதும் வாங்கலாம். இப்போது பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால்; அது ஈரத்தை இழுக்கும், துருவை வளர்க்கும், உள்ளே பூசும் சில பிசின் பூச்சுகளைக் கரைக்கவும் செய்யும். ஓட்டுவதற்குத்தானே வண்டி என்கிறான். அவனுக்கு நான் சொன்ன பதில் புறநானூறு. 267, 268 ஆம் பாட்டுகள் இல்லை. வேறு பல பாட்டுகளில் ஏடு சிதைந்த இடங்களில் வெறும் புள்ளிகள். ஐயருடைய புலமைக்கு அந்த வரிகளை நிரப்புவது கடினமாக இருந்திருக்காது, நமக்கும் தெரிந்திருக்காது. 1894-ல் அவர் புள்ளி வைத்தார். அந்தப் புள்ளிகளை நம்புவதால்தான் மற்ற வரிகளையும் நம்புகிறோம். இதைக் கேட்டுவிட்டு, “புள்ளி வழியா பெட்ரோல் ஒழுகாது” என்றான் தம்பி. அதற்கு என்னிடம் பதில் இல்லை.

துளையை மட்டும் அடைக்கச் சொல்லிவிட்டு வந்தேன். நாலு நாள் கழித்துப் போனபோது ஒடுக்கில் பாதி மேலே வந்திருந்தது. மடிப்பின் மேல் ஈயம் ஒரு சாம்பல் திட்டாகப் படிந்திருந்தது. கோபப்பட்டேன். “மடிப்பு அப்படியே இருந்தா ஈயம் நிக்காது தம்பி, மறுபடி விட்டுடும். நிக்கிற அளவுக்குத்தான் எடுத்தேன்” என்றார் பெரியவர். உண்மைதான். ஏட்டிலிருந்து எடுத்து எழுதியபோதே ஐயரும் சீர் பிரித்தார், புள்ளியிட்டார், பாடம் தேர்ந்தார். தொடாமல் காப்பாற்றுவது என்பது என் கற்பனை. எவ்வளவு தொட்டோம் என்று சொல்லிவைப்பதுதான் நம்மால் ஆனது.

ஈயத் திட்டின் மேல் பெயிண்ட் அடிக்கவில்லை. ஆர்.சி. புத்தகத்தில் டாங்க்குக்கு இடமில்லை என்பதால், ஒரு சீட்டில் எழுதி அதற்குள் வைத்திருக்கிறேன். ஒடுக்கு இருந்த இடம், அளவு, அதைப் பற்றிச் சொல்லப்படும் மூன்று கதைகள், சொன்னவர்கள் யார் யார், பாதி எடுக்கப்பட்ட தேதி. பெரியப்பாவின் கதையையும் எழுதியிருக்கிறேன் என்பது அம்மாவுக்குத் தெரியாது.