அளவிடப்பட்ட பூட்டில் ஹேஷ் தேர்வு

கணினி தொடங்கும்போது ஏற்றப்படும் ஒவ்வொரு மென்பொருளையும், அது இயங்குமுன் ஹேஷ் (உள்ளடக்கத்தின் சுருக்க அடையாள மதிப்பு) கணக்கிட்டு, டிபிஎம் என்னும் பாதுகாப்புச் சில்லில் பதியும் முறை அளவிடப்பட்ட பூட் எனப்படும். சில்லின் பிசிஆர் பதிவகங்களில் விரும்பிய மதிப்பை நேரடியாக எழுத முடியாது. பழைய மதிப்புடன் புதிய ஹேஷை இணைத்து, மீண்டும் ஹேஷ் செய்த விடையே அங்கு சேரும்.

டிபிஎம் 1.2 பதிவகங்கள் 20 பைட் நீளமுள்ள எஸ்எச்ஏ-1 என்னும் ஹேஷ் ஒன்றையே ஏற்றன. 2005இல் குறியாக்க ஆய்வாளர் சியாவ்யுன் வாங் குழுவினர் அதன் பலவீனத்தைக் காட்டினர். 2017இல் கூகுளும் ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யூஐ ஆய்வு நிறுவனமும் ஒரே எஸ்எச்ஏ-1 மதிப்புடைய இருவேறு பிடிஎஃப் கோப்புகளை வெளியிட்டன. 2030 இறுதிக்குள் எஸ்எச்ஏ-1ஐக் கைவிடும்படி அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட் அறிவித்துள்ளது.

டிபிஎம் 2.0இல் எஸ்எச்ஏ-1உடன் எஸ்எச்ஏ-256 (32 பைட்), எஸ்எச்ஏ-384 (48 பைட்), சீனாவின் எஸ்எம்3 முதலியவற்றுக்குத் தனித்தனிப் பதிவகத் தொகுதிகள் அமையலாம். புதிய அமைப்புகளுக்கு எஸ்எச்ஏ-256 அல்லது அதனினும் வலியது பொருந்தும். ஆனால் செயலிலுள்ள எந்தத் தொகுதியையும் அளவீடின்றி விடலாகாது. தாக்குபவர் அதில் போலி அளவீடுகளை நிரப்பி, தூய கணினி எனச் சான்று காட்டிவிடுவார். எனவே எஸ்எச்ஏ-1 தொகுதியை ஃபர்ம்வேரிலேயே முடக்க வேண்டும். இயலாவிடில் அதிலும் அளவீடு பதிய வேண்டும், அல்லது பிழைக்குறி மதிப்பொன்றைப் பதித்து மூட வேண்டும்.