மாருதி 800: பழுதறிதலும் சீர்செய்தலும்

1983 டிசம்பரில் வெளிவந்து, 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றுபோன, மூன்று சிலிண்டரும் 796 சி.சி. கொள்ளளவும் உடைய இச்சிறிய கார், நடுத்தரக் குடும்பங்கள் பலவற்றின் முதல் வாகனமென்னும் பெருமைக்குரியது.

ராஜகிரி, கிருஷ்ணகிரி மலைகள் சூழ்ந்த செஞ்சியின் கோடை வெயிலில் இதற்கு நேரும் பிரதான உபத்திரவம் இன்ஜின் சூடேறுதலே. கடைத்தெருவில் ஊர்ந்து செல்கையில் மட்டும் சூட்டுமுள் மேலேறி, திண்டிவனம் சாலையில் விரைந்ததும் தணியுமாயின், குற்றம் ரேடியேட்டர் விசிறியினுடையதென்று அநுமானிக்கலாம். சாவியைத் திருப்பி வைத்து, வெப்ப சுவிட்சின் ஒயர்களைக் கழற்றி நேராக இணைத்துப் பார்க்கையில், விசிறி சுழன்றால் சுவிட்சை மாற்றுவதும், சுழலாவிடில் முதலில் பியூஸையும் பிறகு மோட்டாரையும் சோதிப்பதும் முறையாகும். கொதிக்கும் ரேடியேட்டரின் மூடியை ஆறுமுன் திறப்பது மகா அபாயம். ஆயில் மூடியின் உட்புறத்தில் வெண்ணெய் போன்ற பசை படிந்து, தண்ணீரும் கசிவின்றியே குறைந்துவருமாயின், ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகிக்க வேண்டும். அலுமினிய ஹெட் வளைந்திருக்கிறதா என்று அளந்து பாராமல் புதுக் கேஸ்கட்டை மட்டும் பூட்டுவது வீண் செலவேயாம்.

கார்ப்பரேட்டர் கொண்ட பழைய வண்டிகள் காலையில் ஸ்டார்ட் ஆகாமை, பெரும்பாலும் பிளக்கில் படிந்த கரியாலோ ஜெட்டை அடைத்த தூசியாலோ விளைவது. பிளக்கின் முனை கரேலென்றிருப்பின் பெட்ரோல் மிகுதியென்றும், இளம்பழுப்பாயிருப்பின் கலவை செம்மையென்றும் கொள்க.