கதவுக்குக் காவல்

பெர்ஸி ஸ்பென்ஸரின் சட்டைப் பையில் மிட்டாய் உருகிய கதையை வாசகர்கள் கேட்டிருப்பார்கள். அமெரிக்காவில், 1945-ல், ராடார்க் குழாயின் அருகே நின்றபோது நடந்தது என்பார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் மைக்ரோவேவ் அடுப்பு. எனக்கென்னவோ, அந்த அடுப்பின் கதவுக்குக் காவல் ஏற்பட்ட கதைதான் அதைவிட ருசிக்கிறது.

1967-ல் அமானா கம்பெனியின் சிறிய அடுப்பு வீட்டு மேஜைக்கே வந்துவிட்டது. நம் விறகடுப்பு, கிட்டே போனாலே சுடும், எச்சரித்துவிடும். இந்த அலையோ கண்ணுக்குத் தெரியாது. கடுமையாகத் தாக்கினால் கண்ணில் புரையே விழக்கூடும். ஆகவே 1968-ல் அமெரிக்காவில் கதிர்வீச்சுக் கட்டுப்பாட்டுச் சட்டம் பிறந்தது. 1971-ல் அடுப்புக்கான விதிகள் அமலுக்கு வந்தன. கதவைத் திறந்தால் அலையை நிறுத்த இரண்டு விசைகளாவது வேண்டும். அவற்றில் ஒன்றேனும் விரலுக்கு எட்டாமல் மறைந்திருக்க வேண்டும். குறும்புக்காரப் பிள்ளையைப் பெற்றவர் யாரோ எழுதிய விதி போலிருக்கிறது!

சரி, விசையே ஒட்டிக்கொண்டு மக்கர் செய்தால்? அதற்கும் மேலே ஒரு கண்காணி விசை உண்டு. கதவு திறந்த பிறகும் கீழ் விசை மின்சாரத்தைத் துண்டிக்கவில்லையென்றால், கண்காணி வேண்டுமென்றே 'ஷார்ட்' உண்டாக்கி ப்யூஸைப் பொசுக்கிவிடுகிறது. அடுப்பு அப்படியே அடங்கிப்போகும். வீட்டார் சலித்துக்கொண்டு புது ப்யூஸ் வாங்கிப் போடுவார்கள். ஒட்டிக்கொண்ட விசையை மாற்றாதவரை அதுவும் பொசுங்கும்.