கலா என்றொரு சொல்

பர்மிய மொழியில் 'கலா' என்றால் மேற்கேயிருந்து வந்த அந்நியன். ஒரு காலத்தில் வெள்ளைக்காரனுக்கும் பொருந்திய சொல் அது. பிறகு இந்தியன் தலையில் நிலைத்து வசையாகவும் ஆயிற்று. செட்டிநாட்டுச் சரித்திரம் எழுதுகிறவர்கள் தேக்குத் தூண்களிலிருந்து தொடங்குகிறார்கள். இந்தச் சொல்லிலிருந்தும் தொடங்கலாம்.

1852-ல் கீழ்ப்பர்மா ஆங்கிலேயர் வசமாயிற்று. 1869-ல் சூயஸ் திறந்தபின் அரிசிக்கு ஐரோப்பியச் சந்தை விரிந்தது. காடு திருத்தப் பணம் வேண்டும். வெள்ளை வங்கிகள் குடியானவனுக்குக் கடன் தராது. அந்த இடைவெளியில் நகரத்தார் கிட்டங்கிகள் முளைத்தன. 1930-ன் பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு சுமார் 1650 செட்டியார் கடைகளையும் ஏறத்தாழ 75 கோடி ரூபாய் முதலையும் கணக்கிட்டது. முதலாளி காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ இருப்பார். ஏஜெண்டு, அடுத்தாள், பெட்டியடிப் பையன் எல்லோரும் அங்கே, மூன்றாண்டுக் கணக்கில், பெண்டுபிள்ளை இல்லாமல்.

பெருமந்தத்தில் நெல் விலை விழுந்தது. 13 நெல் மாவட்டங்களில் 1930-ல் நூற்றுக்கு 6 ஆக இருந்த செட்டியார் நிலம் 1938 வாக்கில் 25 ஆயிற்று. புரளும் பணத்தை நம்பிய கடைக்கு நிலம் ஒரு சுமைதான். விரும்பி வாங்கியதல்ல என்று நம்மவர்கள் சொல்வது மெய். நிலம் இழந்தவனுக்கு அது என்ன ஆறுதல்? நெல்லை வாங்கி அரைத்துக் கப்பலேற்றிய ஸ்டீல் பிரதர்ஸின் முகத்தை அவன் பார்த்ததில்லை. அவன் பார்த்தது திருநீறு பூசிய முகம். இனம் பற்றிய நம் விவாதங்கள் ரத்தத்தையும் தோலையும் சுற்றி வருகின்றன. இங்கே அது கடன் பத்திரத்தின் வழியாக உருக்கொண்டது.

உருக்கொண்டபின் அது ஆள் பார்க்கவில்லை. 1930 மே மாதம் ரங்கூன் துறைமுகத்தில் தெலுங்குக் கூலிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் இடத்தில் பர்மியர் அமர்த்தப்பட்டார்கள். நிறுத்தம் முடிந்ததும் விலக்கப்பட்டார்கள். கலவரத்தில் செத்த கூலிகள் யாருக்கும் காலணா கடன் கொடுத்தவர்கள் அல்லர். செட்டியார் தன் பந்தியில் உட்காரவிடாத கூலியும் செட்டியாரும் அந்த ஒரு சொல்லில் சரிசமமானார்கள்.

மறுபக்கமும் உண்டு. ஒன்பது நகரக் கோயில்களில் ஒன்றிலிருந்து மாலை வந்தால்தான் கல்யாணம். கல்யாணம் ஆனால்தான் புள்ளி. பர்மியத் தாய்க்குப் பிறந்த பிள்ளைக்கு அந்தக் கணக்கில் இடமில்லை. இதை நாம் இனவாதம் என்பதில்லை, சம்பிரதாயம் என்கிறோம். 1939-ல் பர்மா, அந்நியரை மணந்த பௌத்தப் பெண்ணின் மண உரிமைக்கும் வாரிசுரிமைக்கும் தனிச் சட்டம் போட்டது. அதில் பாதி நியாயம். பாதி ரத்தக் கலப்பு பற்றிய பயம். 2015-ல் அதே விஷயம் புதுச் சட்டமாக வந்தபோது பயம் மட்டுமே மிஞ்சியிருந்தது.

1942-ல் ஜப்பானியருக்கு முன்னே லட்சக்கணக்கானோர் நடந்தே வெளியேறினார்கள். வழியிலும் வெள்ளையருக்குத் தனிப் பாதை என்று புகார் எழுந்தது. 1948-ல் நில தேசியமயச் சட்டம், 1963-ல் வங்கிகள், 1964-ல் கடைகள். அதன்பின் கப்பலேறி வந்தவர்களில் பலர் தமிழ்நாட்டைக் கண்ணால் கண்டதே அப்போதுதான். இங்கே அவர்களுக்கு 'பர்மாக்காரர்கள்' என்று பெயர். சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்தருகே அவர்கள் போட்ட கடைவரிசை பர்மா பஜார்.