இடப்பக்கச் சுவர்

ஆரணியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் பாதி இடம் தறிக்கு, மீதி மனுஷங்களுக்கு. தறிக்கு எதிரே அலமாரியில் தாத்தாவின் டர்ன்டேபிள். சிங்கப்பூரிலிருந்த உறவினர் 70களின் கடைசியில் கொண்டுவந்த ஜப்பான் பெட்டி. தாத்தா நாடா ஓட்டிக்கொண்டே பாட்டு கேட்பார்.

போன பொங்கல் லீவில் அதைத் துடைத்து, ‘பிரியா’ எல்பியைப் போட்டேன். 1978இல் வந்த படம். தென்னிந்தியாவில் முதலில் ஸ்டீரியோவில் பதிவான திரைப்பாடல்கள் என்று இளையராஜா ரசிகர்கள் பெருமையாகச் சொல்வார்கள். இடது ஸ்பீக்கரில் சத்தமே இல்லை.

“அது எப்பவும் அப்படித்தான்டா. ஒரு பொட்டிதான் பாடும்” என்றார் பாட்டி.

எப்பவுமா? அப்படியென்றால் இத்தனை வருஷம் ஏன் யாருக்கும் உறுத்தவில்லை? இதற்கான பதில் லண்டனில், 1931இல் இருக்கிறது.

ஈஎம்ஐ பொறியாளர் ஆலன் ப்ளூம்லைன் பின்னாளில் மனைவியாகப் போகிறவரோடு சினிமாவுக்குப் போனார். திரையில் நடிகர் ஒரு மூலையில் நிற்கிறார், குரல் வேறெங்கிருந்தோ வருகிறது. அந்த எரிச்சலிலிருந்து வந்த யோசனைக்கு அந்த டிசம்பரிலேயே காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். இசைத்தட்டின் பள்ளம் V வடிவம், அதற்கு இரண்டு சுவர்கள். தட்டின் மையத்தை ஒட்டிய சுவரில் இடது ஒலி, வெளிச் சுவரில் வலது ஒலி. இரண்டும் 45 டிகிரி சாய்வில். ஒரே ஊசி இரண்டையும் சேர்த்துப் படிக்கும்.

1934 ஜனவரியில் அபே ரோடில் தாமஸ் பீச்சம் நடத்திய மொஸார்ட் ஒத்திகையை இப்படி ஸ்டீரியோவில் பதிந்தும் பார்த்தார்கள். ஆனால் கடைக்குப் போகவில்லை. 1942இல் ரேடார் சோதனை விமானம் விழுந்து ப்ளூம்லைன் இறந்தார். வயது 38. ஸ்டீரியோ எல்பிகள் சந்தைக்கு வந்தது 1958இல்.

அந்த 45 டிகிரியில்தான் சூட்சுமம். பழைய மோனோ தட்டில் ஊசி பக்கவாட்டில் மட்டும் ஆடும். அதை ஸ்டீரியோ பெட்டியில் போட்டால் இரண்டு பக்கமும் ஒரே ஒலி, முழுசாக வரும். எங்கள் மொழியில் இது பேக்வர்ட் கம்பேட்டிபிலிட்டி. பழையதை உடைக்காமல் புதுசைச் சேர்ப்பது. தாத்தாவிடம் இருந்தவை பெரும்பாலும் 60களின் மோனோ தட்டுகள். ஒரு பக்கம் செத்தாலும் மறுபக்கம் முழுப் பாட்டையும் பாடிவிடும். நல்ல வடிவமைப்பு ஒரு பழுதை எத்தனையோ வருஷம் மூடி வைத்திருந்தது.

இனி பழுது எங்கே என்று தேட வேண்டும். கோடில் பிழை தேடுவது மாதிரி, வழியைப் பாதியாக வெட்டி வெட்டிப் பார்த்தேன். முதலில் ஆம்ப்ளிஃபயரின் பின்னால் இடது, வலது பின்களை மாற்றிச் செருகினேன். அமைதி வலது ஸ்பீக்கருக்குத் தாவியது. அப்போ ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் சரி, குறை டர்ன்டேபிளில். பின்களைப் பழையபடி வைத்துவிட்டு, கார்ட்ரிட்ஜின் பின்னால் வெள்ளை, நீல ஒயர்களை சிவப்பு, பச்சை இருந்த இடத்துக்கும், அவற்றை இங்கேயும் மாற்றினேன். இந்த முறை அமைதி நகரவில்லை, இடதிலேயே நின்றது. கார்ட்ரிட்ஜும் தப்பித்தது. ஊசித்தலையைக் கழற்றி, கை முனையிலிருந்து வெளி ஒயர் வரை மல்டிமீட்டர் வைத்தேன். நான்கு இழையும் உயிரோடு இருந்தன.

மிச்சம் ஊசித்தலை கையோடு சேரும் இடம் மட்டும். உள்ளே நான்கு சின்ன ஸ்பிரிங் முனைகள். அதில் ஒன்று அழுக்கேறி உள்ளேயே அமுங்கிக் கிடந்தது.

பாவில் ஒரு இழை அறுந்தால் தாத்தா துணியிலிருந்து பின்னோக்கிப் போவார். முதலில் அச்சு, அப்புறம் விழுது, அப்புறம் பாவு. அறுந்த முனை கிடைக்கும்வரை வேறெதையும் தொடமாட்டார். நான் செய்ததும் அதேதான். ஆயிரக்கணக்கான இழைகளில் ஒன்று விட்டாலும் கண்டுபிடிப்பவர் இந்த ஒன்றைத் தவறவிட்டார். துணியில் கோடு விழும், கண் பார்த்துவிடும். பாட்டில் கோடு விழாது.

ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, முனையை மெல்ல இழுத்துவிட்டு, மறுபடி தட்டைப் போட்டேன். இரண்டு பெட்டியும் பாடின. சின்ன வயசிலிருந்து மனப்பாடமான பாட்டுக்குள் நான் கேட்டிராத வாத்தியங்கள் இருந்தன.

பாட்டி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். கொஞ்ச நேரம் நின்று கேட்டார்.

“இதெல்லாம் இதுலயே இருந்துச்சா? உங்க தாத்தா கேக்காமயே போயிட்டாரே.”

தட்டு முடிந்தது. நான் மறுபடி முதலிலிருந்து போட்டேன்.